44 ராசியில்லாத எண்ணா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியில் 44 என்ற ஜெர்சி எண்ணை அணிந்து புகழ்பெற்ற வீரர்களைப் பற்றி, ‘ராசியில்லாத எண்’ என்ற தலைப்பில் வந்த குறிப்பைக் கடந்த ஞாயிறன்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். நாலும் நாலும் எட்டு, எட்டு சனியின் எண், ஆகவேதான் அதை அணிந்த ஒருவர் 23 வயதில் மறைந்தார் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. எண் கணிதத்தை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் அந்த எண்ணை அணிந்தவர் அடுத்தவரைத் தேடிச்சென்று அழைத்துவந்த வரலாற்றைக் குறிப்பு முற்றிலும் விட்டுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

கறுப்பினத்தவரான ஜிம் பிரவுன் 1954 முதல் 1956 வரை 44 அணிந்து அங்கே ஆடியவர். கல்லூரியில் சேர்ந்தபோது கால்பந்துக்கான உதவித்தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. ஊரிலுள்ள நலம்விரும்பிகள் திரட்டித் தந்த பணத்தில்தான் முதலில் படித்தார். 1956இல் கோல்கேட் பல்கலைக்கழக அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஆறு டச் டவுன்களும் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது; ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளி), கூடுதல் புள்ளிக்கான ஏழு உதைகளுமாக 43 புள்ளிகளைத் தனியொருவராகக் குவித்தார். அப்படியிருந்தும் கல்லூரிக் கால்பந்தின் தலையாய விருதான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் அவ்வாண்டு அவருக்கு ஐந்தாம் இடமே கிடைத்தது. விருதைப் பெற்ற நாட்டர் டேம் பல்கலைக்கழக வீரரின் அணியோ பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றிருந்தது. இதற்கு யாரையாவது குறைசொல்ல வேண்டுமானால், சனி பகவானை விட்டுவிட்டு, வாக்களித்தவர்களின் நிறவெறிப் பார்வையையே நான் சொல்வேன்.

எல்மைரா என்ற சிறு நகரில் பள்ளி மாணவராக இருந்த எர்னி டேவிஸைச் சிரக்யூஸுக்கு வரும்படி வற்புறுத்தியவர்களில் பிரவுனும் ஒருவர். வந்தவருக்கு அதே 44 தரப்பட்டது. 1959 பருவத்தில் தோல்வியே காணாமல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. 1960 புத்தாண்டு நாளில் காட்டன் பௌல் என்ற பருவ இறுதிச் சிறப்பு ஆட்டத்தில் டெக்சாஸ் அணியை 23-14 என வீழ்த்தியபோது, டேவிஸ் சக வீரர் எறிந்த பந்தைப் பிடித்து 87 கெஜ டச் டவுனாக்கினார். பந்துடன் ஓடிய தூரத்தில் பிரவுன் படைத்த சாதனைகளை அவர் முறியடித்தார். பிரவுனுக்கு எட்டாமல் போன ஹைஸ்மன் விருதை 1961இல் வென்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. 1962இல் தொழில்முறை வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, பிரவுன் ஆடிக்கொண்டிருந்த கிளீவ்லேண்ட் அணிக்கு மாற்றப்பட்டார். இருவரும் ஒன்றாக ஓடுவதைக் காண ஊரே காத்திருந்த வேளையில் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 1963 மே 18 அன்று, 23 வயதில், அவர் காலமானார்.

அதற்குச் சில மாதங்கள் முன்னர் டேவிஸ், ஃபிளாய்ட் லிட்டில் என்ற இளைஞரைச் சந்தித்துச் சிரக்யூஸுக்கு அழைத்திருந்தார். லிட்டிலை வேறு பெரிய கல்லூரிகளும் விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தன. டேவிஸின் மரணச் செய்தி வந்ததும், அவருக்குக் கொடுத்த வாக்கை எண்ணிச் சிரக்யூஸைத் தேர்ந்ததாக லிட்டிலே கூறியிருக்கிறார். 44 சபிக்கப்பட்ட எண் என்றால், அதை அணிந்தவர் இறந்த செய்தி கேட்ட ஒருவர் அதைத் தேடி வருவாரா? லிட்டில் 1964 முதல் மூன்று ஆண்டுகளும் அகில அமெரிக்க வீரராக, அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களில் ஒருவராக, தேர்வானார். டென்வர் தொழில்முறை அணிக்குச் சென்றபோதும் அவர் முதுகில் இருந்தது 44தான்.

எண் கணித அன்பர்கள் தவறவிட்ட ஒன்றையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். பிரவுன் காலமானது 2023 மே 18, அதாவது டேவிஸ் மறைந்து சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, அதே நாளில். ஆனால் அப்போது பிரவுனுக்கு வயது 87; அதையும் அற்பாயுள் என்று சொல்வார்களோ, தெரியவில்லை.

2005 நவம்பரில் 44ஐ அணிந்தவர்களைக் கௌரவிக்கும் வகையில் அந்த எண்ணுக்குப் பல்கலைக்கழகம் முறைப்படி ஓய்வளித்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் அஞ்சல் குறியீட்டு எண் 13244 என்றும், தொலைபேசி எண்களின் தொடக்கம் 443 என்றும் அமைந்துவிட்டன. அஞ்சல் குறியீட்டைப் பல்கலைக்கழகமே 44க்காகக் கேட்டு வாங்கியது. ஆகவே, ‘ராசியில்லாத எண்’ என்ற தலைப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், அதில் லிட்டிலை டேவிஸ் அழைத்த செய்தியையும் சேர்க்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை