பாப்பாவுக்கு, அந்த ஃபார்மைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. படியேறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லிவிட்டேன், தெரியும். நாலு மாதமாக நம் பேச்சு இந்த முழங்காலோடு முடிந்துவிடுகிறது. நீயும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. போனில் பேசும்போது குரலைக் கவனிப்பதா வார்த்தையைக் கவனிப்பதா என்று தெரியாமல் களைத்துப்போகிறேன், எழுதிவிட்டால் நிம்மதியாக இருக்கிறது என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ ஆட்டிஸ்டிக் என்று ஆபீசில் இப்போதைக்குச் சொல்லாதே. தம்பியிடம் சொன்னாய், சிநேகிதிகளிடம் சொன்னாய், சரி. ஆபீசில் வேண்டாம். கையில் டாக்டர் கொடுத்த காகிதம் இல்லாமல் ஒருவர் தன்னைப் பற்றித் தானே இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் உதட்டில் ஒரு மாதிரி சிரிப்பு வரும் பாப்பா. அந்தச் சிரிப்பு உனக்கு நேரக்கூடாது, அவ்வளவுதான். உன் வேலையை நீ எப்படிக் கஷ்டப்பட்டுப் பிடித்தாய் என்று எனக்குத் தெரியாதா. 'ழ' நோட்டிலிருந்து ஆரம்பித்தது அது. ஏழு வயதில் பார்த்த பலகையில் உள்ள ழ-வையெல்லாம் வளைவு மாறாமல் வரைந்து வைத்தவள், இன்று எழுத்துரு வடிவமைத்துச் சம்பாதிக்கிறாள் என்று நான் சொல்லாத ஆளில்லை.

எங்களிடம் சொல்லாமல் தம்பியிடம் சொன்னாயே என்று எனக்கு வருத்தம்தான். இல்லை, அது நியாயமில்லை. எங்களிடம்தான் முதலில் சொன்னாய். ஏழு மாதத்துக்கு முன்னால் அந்த ஃபார்மை அனுப்பி, 'அப்பா, நான் ஆட்டிஸ்டிக் என்று நினைக்கிறேன், பரிசோதனைக்குப் போகிறேன், என் சின்ன வயதைப் பற்றி நீங்களும் அம்மாவும் இதை நிரப்பிக் கொடுக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாய். நான்தான் அதைப் படித்துவிட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். நீ மூன்று தடவை நினைவுபடுத்தினாய், நாலாவது தடவை கேட்கவில்லை.

அப்புறம் தம்பி சொன்னான், நீ பரிசோதனையையே விட்டுவிட்டாயாம், 'யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தெரிகிறது, போதும்' என்றாயாம். கேட்டதும் கோபம் வந்தமாதிரி அம்மாவிடம் காட்டிக்கொண்டேன். உண்மையில் எனக்கு நிம்மதிதான் வந்தது. ஃபார்ம் இனி தேவைப்படாது என்ற நிம்மதி. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பெற்ற பெண் தனியாக ஒரு முடிவுக்கு வந்து நிற்கிறாள், அப்பனுக்கு நிம்மதியாக இருக்கிறது என்றால் அவன் என்ன அப்பன்.

இந்த ஏழு மாதமும் படித்துக்கொண்டேதான் இருந்தேன். நீ போட்டுப் பார்த்த 50 கேள்விகள் கொண்ட தாளை நானும் பார்த்தேன். கேம்பிரிட்ஜில் உள்ளவர்கள் 2001ல் வெளியிட்டது, 32 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையாகப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்பது அதன் கணக்கு. 80 கேள்விகள் உள்ள இன்னொன்றையும் பார்த்தேன். இவை சல்லடை மாதிரி, எடை போட வேறு தராசு வேண்டும். பதற்ற நோய் இருப்பவர்களுக்கும் கவனம் ஒரு இடத்தில் நிற்காத ஏடிஎச்டி இருப்பவர்களுக்கும் பழைய மனக்காயம் உள்ளவர்களுக்கும் இதே மாதிரி மதிப்பெண் வரலாம். உனக்கும் அப்படி வேறு ஏதாவது இருந்து, அதற்கு வைத்தியமும் இருந்து, இந்தப் பெயர் கிடைத்ததோடு நீ தேடுவதை நிறுத்திவிட்டால்? இந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை, போய்விட்டதாகச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் நீ சொன்னதும் சரி என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. பெரியவர்களைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த டாக்டர்கள் குறைவு, பல இடங்களில் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆட்டிசத்தைப் பற்றி லியோ கானர் என்ற டாக்டர் 1943ல் எழுதிய முதல் கட்டுரையில் இருந்தவர்களே 11 குழந்தைகள், அதில் எட்டுப் பேர் ஆண் பிள்ளைகள். பிறகு வந்த அளவுகோல்களும் பெரும்பாலும் பையன்களைப் பார்த்து உண்டானவை. பக்கத்தில் இருப்பவள் சிரிக்கும்போது சிரித்து, அவள் கை கட்டினால் கை கட்டி, எல்லாரையும் போல இருக்கக் கற்றுக்கொண்ட பெண் அதில் எப்படி அகப்படுவாள்? நீ அதை மாஸ்கிங் என்றாய். அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நம் வீட்டுக் கண்ணாடிதான். உனக்கு 12 வயதிருக்கும். விருந்தாளி வருவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று 'நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க' என்று ஒவ்வொரு தடவையும் புருவத்தை வேறு மாதிரி தூக்கிச் சொல்லிப் பார்த்தாய். நானும் அம்மாவும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தோம். நடிகையாகப் போகிறாள் என்று நான்தான் சொன்னேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட கையேட்டில் ஒன்று எழுதியிருக்கிறது. அறிகுறிகள் சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் கற்றுக்கொண்ட பழக்கங்களால் பின்னால் அவை வெளியே தெரியாமல் போயிருக்கலாம் என்று. வெளியே தெரியாமல் போனதை நீ சொல்லிவிடுவாய். சின்ன வயதில் இருந்தது என்று யார் சொல்வது? பெற்றவர்கள்தானே. அதற்குத்தான் அந்த ஃபார்ம்.

இனி சொல்லித்தான் ஆக வேண்டும். ஃபார்மில் 18ஆவது கேள்வி, 'குழந்தையின் வளர்ச்சியைப் பற்றி ஆசிரியரோ மருத்துவரோ எப்போதாவது கவலை தெரிவித்ததுண்டா?' உண்டு பாப்பா. 1996ல், உனக்கு ஐந்து வயது. உன் மிஸ் ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். 'குழந்தை கெட்டிக்காரி. ஆனால் ஒரு வருஷமாக வகுப்பில் யாரிடமும் தானாகப் பேசியதில்லை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்குக் கீழே போய்விடுகிறாள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.' தெரிந்த டாக்டர் ஒருவரிடம் பட்டும் படாமலும் கேட்டதில் ஆட்டிசமாக இருக்கலாம், கூட்டி வாருங்கள் என்றார். நான் உன்னைக் கூட்டிப்போகவில்லை. நூலகத்துக்குப் போனேன். அங்கே கிடைத்த ஒரு பழைய புத்தகத்தில் தாயிடம் பாசம் இல்லாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று போட்டிருந்தது. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படி நம்பினார்கள், குளிர்பெட்டித் தாய்மார் என்றே பேர் வைத்திருந்தார்கள். உன் அம்மாவை நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே படுத்திய பாடு உனக்குத் தெரியும். இதுவும் சேர்ந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். சீட்டை நான்காக மடித்துப் பழைய பத்திரக் கவரில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு பொய் என்று பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1964லேயே காரணம் காட்டி எழுதிவிட்டார், அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. நான் புத்தகம் தேடியதற்கு 32 வருஷம் முன்னால். அடுத்த அலமாரியில் இருந்திருக்குமோ என்னவோ, பாதி படித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு உனக்கு நாங்கள் வைத்த பெயர்களை நினைத்துப் பார்க்கிறேன். பிடிவாதக்காரி. திமிர் பிடித்தவள். யாரோடும் ஒட்டமாட்டாள். இதற்கெல்லாம் எந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை, யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 34 வயதில் நீயாகவே தேடி உனக்குப் பொருந்துகிற ஒரு பெயரை எடுத்துக்கொண்டபோது மட்டும் ஆதாரம் எங்கே என்று கேட்கத் தோன்றியது எனக்கு. ஆதாரம் என் கவரில் இருந்தது. இந்தப் பெயர் கிடைத்த பிறகு அக்கா தன்னைத் தானே திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டாள் என்று தம்பி சொன்னான். அதைக் கேட்டபோதுதான் சீட்டை வெளியே எடுத்தேன். (தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. உன் மதியில் எந்த இறுக்கமும் இல்லை.)

கானருடைய கட்டுரையில் வரும் முதல் பையன் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பியைச் சேர்ந்த அவனுடைய அப்பா 1938ல் மகனைப் பற்றி டாக்டருக்கு 33 பக்கத்தில் கடிதம் எழுதினார். எதைத் திருப்பித் திருப்பிச் சொல்வான், எதைக் கண்டால் பயப்படுவான், எதைச் சுழற்றி விளையாடுவான் என்று எல்லாம். அந்தப் பையன் பின்னால் பேங்கில் வேலை பார்த்து, கார் ஓட்டி, ஊர் ஊராகச் சுற்றி, 89 வயது வரை வாழ்ந்து 2023ல்தான் இறந்தார். ஒரு அப்பா 33 பக்கம் எழுதியிருக்கிறார், என்னால் டிக் அடிக்க முடியவில்லை.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பீரோவைத் திறந்து உன் பழைய சட்டை ஒன்றை எடுத்துக் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். லேபிள் இருந்த இடத்தில் நாலு தையல் ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. கத்தரியால் வெட்டினால் மிச்சம் நிற்கும் முனை குத்துகிறது என்று நீ அழுவாயாம், அதனால் ஒவ்வொரு புதுச் சட்டைக்கும் பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தெடுப்பாளாம். 'எனக்கு யார் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்' என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலையில்தான் பேசினாள்.

இருவரும் உட்கார்ந்து ஃபார்மை நிரப்பிவிட்டோம். இதோடு வைத்திருக்கிறேன், மிஸ் எழுதிய சீட்டும் உள்ளே இருக்கிறது. 18ஆவது கேள்விக்கு இடம் போதாமல் தாள் ஒட்டியிருக்கிறேன். பரிசோதனைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம், போனால் நல்லது என்று மட்டும் சொல்கிறேன். ஆபீசில் சொல்வதும் உன் இஷ்டம்தான், கொஞ்சம் பொறுத்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம், எழுது.

ஒரே ஒரு கேள்வியைப் பென்சிலில் விட்டிருக்கிறேன். ஒன்பதாவது. 'பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா?' அம்மா திரும்புவாள் என்கிறாள், எனக்கு ஞாபகமில்லை. யோசித்துப் பார்த்தால், நாங்கள் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் பாப்பாதான். அதற்கு என்ன போடுவது என்று நீயே சொல்.

அப்பா