மாலை ஆறரைக்கு அணையும் கம்ப்யூட்டர்

கும்பகோணம்
ஆவணி 12

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மகளுக்கு ஈரோட்டிலேயே வேலை கிடைத்ததைப் படித்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலிக்கு மாடிப்படியைத் தவிர்க்கச் சொன்னார்களே, தவிர்க்கிறாயா? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை நீ.

கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்துபோகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தூக்கிப் போடாதே. இரண்டு மாதமாக நானும் இதே பாட்டைப் பட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அதை முதலில் சொல்கிறேன், அப்புறம் உன்னுடையதற்கு வருகிறேன்.

ஒரு கோயில் தலவரலாறு அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. 140 பக்கம். பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்துக்கொண்டிருப்பேன், பட்டென்று திரை கறுத்துவிடும். விண்டோஸ் விழுந்தால் வரும் நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. ஒருநாள் நான்கு பக்கம் போனது. கல்வெட்டுப் பாடத்தை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அடித்த பக்கங்கள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சூடுதான் காரணம் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தால், பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு மாதிரி தூசி. பெயின்ட் பிரஷால் சுத்தம் செய்து, அதற்கும் பிராசஸருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது வைத்தேன். பிராசஸர் சூடு 58 டிகிரியைத் தாண்டவில்லை. மறுநாளும் அணைந்தது. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. விண்டோஸில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு முறை அணைந்ததற்கும் கெர்னல்-பவர் 41 என்று ஒரு சிவப்புக் குறி. அதைப் பார்த்ததும் நோய் தெரிந்துவிட்டது என்று எண்ணினேன். ஆனால் அதற்கு அர்த்தம், முறையாக மூடாமல் அணைந்தது என்பது மட்டும்தான். ஏன் என்று அது சொல்லாது. விவரத்தில் பக்செக் கோட், அதாவது விண்டோஸ் விழுந்தால் பதிகிற பிழை எண், 0 என்றிருந்தது. விண்டோஸ் தானாக விழவில்லை, மின்சாரம் அறுந்திருக்கலாம் என்ற அளவுக்கு அது துப்புக் கொடுத்தது.

பார்க்க வந்த மெக்கானிக் மதர்போர்டை மாற்றச் சொன்னார். எட்டாயிரம் ஆகும் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது உள்ளேயிருந்து என் மனைவி, "கீழ்வீட்டில் மோட்டார் போடும்போதுதானே அணைகிறது?" என்றாள். டியூப்லைட் ஒரு கணம் மங்கும், கூடவே கம்ப்யூட்டர் போகும், தினமும் பார்க்கிறேனே என்றாள். நான் பெட்டிக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறிக்க ஆரம்பித்தோம். பத்து நாளில் ஏழு முறை. ஏழும் மாலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள். மீட்டரை பிளக்கில் வைத்தால், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அந்த நேரத்துக்கு 175தான். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும் அல்லவா? அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் இன்னும் சரியும். கரன்ட் போனால் பேட்டரியில் கம்ப்யூட்டரை ஓட்ட வைத்திருந்த யு.பி.எஸ். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது பேட்டரிக்கு மாறுகிற சத்தம். பேட்டரியோ செத்திருந்தது. எதைக் காவலுக்கு வைத்தேனோ அதுதான் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

இதில் என்னை ஏமாற்றியது பேட்டரியின் வோல்டேஜ்தான். முன்பே ஒருமுறை அளந்திருந்தேன், 12.6 காட்டியது. நல்ல பேட்டரி என்று விட்டுவிட்டேன். சும்மா இருக்கும்போது செத்த பேட்டரியும் அப்படித்தான் காட்டும். சுமை ஏற்றினால்தான் உண்மை வரும். யு.பி.எஸ்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மட்டும் மாட்டி, சுவர் பிளக்கை உருவினேன். இரண்டு நொடியில் பல்பு அணைந்தது. நம் ஊர் வெயிலில் அந்தச் சின்ன 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு மூன்று வருஷம்தான் தாங்கும். என்னுடையது நாலு வருஷத்தைத் தாண்டியிருந்தது.

உறுதிப்படுத்த, கம்ப்யூட்டரை ஐந்து நாள் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்துகொண்டே வேலை பார்த்தேன். கீழே மோட்டார் ஓடியது, டியூப்லைட் மங்கியது, கம்ப்யூட்டர் அசையவில்லை. கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் என் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. அதற்கு 175 ஒரு பொருட்டே இல்லை. பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் புதியது வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இனி உன் கதை. உன்னுடையது வேறு மாதிரி என்று தோன்றுகிறது. தம்பி கேம் ஆடும்போது, இருபது நிமிடம் கழித்து, முதலில் விசிறி இரைகிறது, அப்புறம் எல்லாம் மந்தமாகிறது, பிறகு அணைகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிசைதான் முக்கியம். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால்தான் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். கரன்ட் கோளாறு இப்படி மந்தமாகி முன்னறிவிப்புக் கொடுக்காது. ஹீட் சிங்கின் நான்கு பிளாஸ்டிக் கால்களும் போர்டில் அழுந்தி உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார். ஒன்று கழன்றிருந்தாலும் போதும். பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டு, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தால் போதும். தூசியை ஊதும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். கெஞ்சிக் கேட்கிறேன், அது வேண்டாம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய். அம்மா பாடிய தாலாட்டுகளை அந்த டிஸ்கில்தான் வைத்திருக்கிறேன், வேறெங்கும் இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் அறுந்தால் டிஸ்கில் எது கெடும் என்று சொல்ல முடியாது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் முன்னால் முழு வேகத்தில் வை. கேம் எதுவும் வேண்டாம். அந்த ஃபோல்டரை மட்டும் ஒரு பென்டிரைவிலும் மகளின் லேப்டாப்பிலும் ஏற்று. ஏற்றியதை ஒருமுறை போட்டுக் கேட்டுப் பார். 1987 பொங்கலுக்கு உங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா பாடியதை நானும் கேட்டிருக்கிறேன். எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அது முடிந்ததும் எனக்கு ஒரு போன் போடு. பெட்டியைத் திறக்கும்போது நானும் போனில் கூடவே இருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்