பிக்கப்பில் கொக்கி பூட்டுவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக அறுவடை முடிந்து நெல் மூடைகள் வயலிலிருந்து வீட்டுக்கும் ஆலைக்கும் நகரும் இந்நாட்களில், உழவு இயந்திரத்துக்குப் பதிலாகப் பிக்கப் வாகனத்தின் பின்னே ட்ரெயிலர் பெட்டியைப் பூட்டி இழுத்துச் செல்வதை வன்னியின் வீதிகளில் அடிக்கடி காண முடிகிறது. நெல் மட்டுமல்ல, வறட்சிக் காலத்தில் தண்ணீர்த் தாங்கியும், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கங்களில் படகும் இவ்வாறே போகின்றன. ஒரே வாகனத்தைக் கொண்டு எல்லா வேலையையும் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு இது சிக்கனமான வழிதான். ஆனால் அந்த வாகனத்தை இழுவைக்கு ஆயத்தப்படுத்தும் முறை பல இடங்களில் ஆபத்தானதாக இருப்பதால் இதனை எழுதுகிறேன்.

வழக்கமாக நடப்பது இதுதான்: வெல்டிங் கடையில் பின் பம்பரோடு ஒரு தகட்டை ஒட்டி, அதில் துளையிட்டு, உழவு இயந்திரத்துக்குப் போடும் அதே ஆணியைச் செருகிவிடுகிறார்கள். பம்பர் இழுவையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட பாகம் அல்ல. பெட்டியின் இழுவையும் தள்ளலும் செசியின், அதாவது வாகனத்தின் அடிச்சட்டகத்தின், இரு நீள்சட்டங்களுக்கும் நேரே போய்ச் சேர வேண்டும். அதற்கு அவ்விரண்டையும் இணைக்கும் குறுக்குச்சட்டம் ஒன்றைத் தரமான போல்ட்டுகளால் இறுக்கிப் பூட்ட வேண்டும். செசியில் நேரடியாக வெல்டிங் செய்வதும் நல்லதல்ல, ஏனெனில் சூட்டினால் ஒட்டின் ஓரத்து உருக்கு தன் இயல்பை இழந்து, காலப்போக்கில் அங்கேதான் வெடிப்பு விடும். ஆணியும் வளையமும் மெதுவாக ஊரும் உழவு இயந்திரத்துக்குப் போதும். பிக்கப்பின் வேகத்தில் ஆணிக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒவ்வொரு பள்ளத்திலும் அடித்து அடித்துத் துளையை அகட்டிவிடும். வாகனத்தில் குண்டும் பெட்டியின் மூக்கில் கிண்ணமுமாகப் பொருந்தும் இணைப்பே ஏற்றது. அதிலும் அளவைப் பார்த்து வாங்க வேண்டும்: 1 7/8 அங்குலக் குண்டு, அதாவது ஏறக்குறைய 47.6 மி.மீ., 50 மி.மீ. கிண்ணத்துக்குள் சரியாகப் பூட்டியது போலவே தோன்றும். வண்டி ஒரு குழியில் விழுந்து எழும்போது கழன்று மேலே வரும். அவ்வாறு கழன்றாலும் பெட்டியின் மூக்கு வீதியில் குத்தாதிருக்க, இரு பாதுகாப்புச் சங்கிலிகளைக் கீழே குறுக்காகப் போட்டுப் பூட்டுவது அவசியம். இங்கு சங்கிலி போட்ட பெட்டியைக் காண்பதே அரிது.

அடுத்தது பிரேக். உழவு இயந்திரத்துக்கான பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கும் இல்லை, வில்லுத்தகடும் இல்லை. மணிக்கு 20, 25 கிலோமீற்றரில் அது சமாளிக்கக்கூடிய குறை. வேகம் இரு மடங்கானால் நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், அதே பெட்டியை ஏ-9 வீதியில் 60 கிலோமீற்றரில் இழுத்துச் செல்பவர், எஞ்சினின் பலத்தை நம்பி, தம்மால் நிறுத்த முடியாத ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறார். ஐரோப்பிய நாடுகளில் மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனியான பிரேக் கட்டாயம். பெட்டி முன்னோக்கித் தள்ளும்போது அந்தத் தள்ளலாலேயே அதன் சில்லுகளில் பிரேக் பிடிக்கும் அமைப்பு எளிமையானது. நம்மூர்க் கைவினைஞர்களால் பூட்ட முடியாத வேலையும் அல்ல.

பாரம் ஏற்றும் முறை இதைவிடவும் கவனிக்கப்படாதது. ஒரு மூடை 65 கிலோ எனக் கொண்டால் பத்து மூடை 650 கிலோ. பெட்டி 300 கிலோ என்றால் மொத்தம் 950 கிலோ. அதில் பத்திலொரு பங்காவது, அதாவது 95 கிலோ, கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். மூடைகளைப் பின்னால் அடுக்கி இந்த அழுத்தம் குறைந்தால் வேகத்தில் பெட்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, வாகனத்தையும் சேர்த்து இழுக்கும். அளவுக்கு மிஞ்சினால் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சில்லுகளின் பிடி தளர்ந்து, முன் லைற் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இதனை அளக்கப் புதிய கருவி தேவையில்லை. நெல் நிறுக்கும் மேடைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, பெட்டியின் மூக்கைக் கொக்கியின் உயரத்திலேயே அதன் மேல் வைத்து, கட்டையின் எடையைக் கழித்துவிட்டால் கணக்குத் தெரிந்துவிடும். பிக்கப்பின் தளத்திலும் மூடை ஏற்றுபவர்கள், கொக்கியில் அழுத்தும் எடையும் அந்த வாகனம் சுமக்கக்கூடிய பாரத்திலேயே சேரும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

படகு இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடிச் சூடேறிய சில்லின் நடுப்பகுதியை உடனே உப்புநீரில் இறக்கினால், அது குளிரும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சி பெயாரிங்கை அரித்துவிடும். சற்று ஆறவிட்டு இறக்குங்கள்.

லைற் விடயத்தில் நிலைமை மிக மோசம். இரவில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்க, முன்னே செல்பவர் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது, பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு இருட்டில் பெட்டியே தெரிவதில்லை. பிக்கப்பின் பின் லைற்றுகளைப் பெட்டி மறைத்துவிடுவதால், பெட்டியிலும் பின் லைற், பிரேக் லைற், இரு பக்கச் சிக்னல் ஆகிய அனைத்தும் எரிய வேண்டும். வயர் இழுப்பவர்கள் ஏர்த் வயரைத் தவிர்த்துக் கொக்கியின் இரும்பையே நம்புகிறார்கள். குண்டில் கிறீஸ் பூசியதும் அந்தத் தொடர்பு விட்டுவிட்டு வரும், பிரேக்கை மிதித்தால் சிக்னல் மினுங்கும். ஏர்த்துக்குத் தனி வயர் ஒன்று போடுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

அறிவியல்நகரில் இயங்கும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில், நமது வெல்டிங் கடைக்காரர்களுக்கென இது பற்றிய குறுகிய வகுப்பு ஒன்றை நடத்துவது பற்றி உரியவர்கள் ஆலோசிக்க வேண்டும். கொக்கி பூட்டுவதற்கான அளவுகளையும் பெட்டியைப் பதிவு செய்யும் நடைமுறையையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் எளிய தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாக வெளியிட்டுக் கமநல சேவை நிலையங்கள் ஊடாக விநியோகித்தால், அது விவசாயிகளின் கையில் நேரே போய்ச் சேரும். அதுவரை கொக்கி பூட்டக் கொடுப்பவர்கள், காசைக் கொடுக்குமுன் வாகனத்தின் கீழே குனிந்து, போல்ட்டுகள் செசியில்தான் இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பரந்தன்.