கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

அன்புள்ள மல்லிகா,

இங்க எல்லாரும் நல்லாருக்கோம்டி, அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்ப பரவால்ல, சின்னவ ப்ளஸ் டூ வந்துட்டா, வீட்ல டிவியே போடறதில்ல. அதெல்லாம் அப்புறம் எழுதறேன். உன் லெட்டர் படிச்சதுலேருந்து எனக்கு அந்த தீசிஸ் விஷயமே மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு.

அந்த ஸ்காலருக்கு தன்னோட மூணாவது சாப்டர்ல என்ன இருக்குன்னே சொல்லத் தெரியல, காசு கொடுத்து எழுதி வாங்கினதுன்னு டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா கமிட்டி மெம்பரான உன்கிட்ட கைடு "காப்பி பிடிக்கற சாஃப்ட்வேர் ரிப்போர்ட் 10 சதவீதத்துக்கு உள்ள வந்துடுச்சே, மேட்டர் சரியாதானே இருக்கு, கையெழுத்து போடுங்க மேடம்"னு சொல்றார்னு எழுதியிருந்த. யூஜிசி 2018ல கொண்டு வந்த ரூல்ல 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்லைன்னு இருக்குறது வாஸ்தவம்தான். ஆனா அந்த ரிப்போர்ட் சொல்றது வேற எங்கயும் இருக்குற வரிகளோட இது எவ்வளவு ஒத்துப்போகுதுங்கறது மட்டும்தான். யார் எழுதினதுன்னு அது எப்படி சொல்லும்? புதுசா உக்காந்து எழுதி வித்தா சைபர் கூட வரும்.

அந்த "மேட்டர் சரியாதானே இருக்கு"ங்கற வார்த்தைதான் எனக்கு ரொம்ப கோபம் வர வைக்குது, ஏன்னா என் தொழில்லயும் இதே வார்த்தையை கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. பிபிசி ரிப்போர்ட்டர் மார்ட்டின் பஷீர் இளவரசி டயானாவை எடுத்த பேட்டி ஞாபகம் இருக்கா? 1995 நவம்பர் 20, பிபிசியோட பனோரமாங்கற டிவி நிகழ்ச்சி, பிரிட்டன்ல மட்டும் 2 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க. ஜர்னலிசம் படிக்கும்போது அதைத்தான் எங்களுக்கு பெரிய உதாரணமா காட்டினாங்க. அந்த பேட்டிக்கு முன்னாடி பஷீர் என்ன பண்ணார்னா, ஒரு ஃப்ரீலான்ஸ் கிராஃபிக் டிசைனரை வச்சு ராத்திரியோட ராத்திரியா போலி பேங்க் ஸ்டேட்மென்ட் தயார் பண்ணி, டயானாவோட தம்பி ஸ்பென்சர்கிட்ட காட்டினார், அவர்கிட்ட வேலை பாத்த ஆளுக்கே பத்திரிகை கம்பெனி பணம் கொடுத்த மாதிரி. தம்பி நம்பினார், அக்காகிட்ட அறிமுகம் பண்ணி வச்சார்.

இதுக்கு இன்னிக்கும் சமாதானம் சொல்றவங்க இருக்காங்க. டயானா சொன்னது எல்லாம் அவங்க மனசுல இருந்ததுதானே, அவங்க எப்படியும் யார்கிட்டயாவது பேசியிருப்பாங்கன்னு. இதை பிபிசிக்காக விசாரிச்ச முன்னாள் ஜட்ஜ் டைசன் பிரபு 2021ல கொடுத்த ரிப்போர்ட்லயே அவங்களுக்கு பேட்டி கொடுக்கற எண்ணம் ஏற்கனவே இருந்துச்சுன்னு இருக்கு, தன் முடிவுல வருத்தம் இல்லைன்னு அவங்க அப்பவே கைப்பட எழுதியும் கொடுத்தாங்க. சரி, இருக்கட்டும். ஆனா ஏற்கனவே யாரை நம்பறதுன்னு தெரியாம பயந்து போயிருந்த ஒரு பொம்பளையோட குடும்பத்துக்குள்ள, உங்க ஆளே உங்களை விக்கறான்னு பொய் பேப்பர் காட்டி நுழைஞ்சது சரியாயிடுமா? பேசலாமா வேண்டாமான்னு அவங்க சுயமா யோசிக்கிற இடத்தையே கெடுத்துட்டு, அப்புறம் அவங்க சம்மதிச்சாங்கன்னு சொல்றது எனக்கு ஏத்துக்க முடியலடி.

இதைவிட என்னை வாட்டுறது அடுத்து நடந்தது. அந்த டிசைனர் மனசு கேக்காம பிபிசி மேலிடத்துல போய் சொன்னார். 1996ல பிபிசி நியூஸ் பிரிவு தலைவரா இருந்த டோனி ஹால் உள் விசாரணை நடத்தினார், ஸ்பென்சர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, அந்த பேப்பரை யார்கிட்டயும் காட்டலைன்னு முதல்ல பொய் சொன்ன பஷீரை நேர்மையான மனுஷன்னு போர்டுகிட்ட சொல்லிட்டார். டிசைனருக்கு இனி பிபிசியில வேலை கிடையாதுன்னு முடிவாச்சு. பஷீர் அந்த பேட்டிக்கு பாஃப்டாங்கற பெரிய பிரிட்டிஷ் டிவி விருது வாங்கினார், ஹால் பின்னாடி பிபிசிக்கே டைரக்டர் ஜெனரல் ஆனார்! உண்மையை சொன்ன ஆளுக்கு மன்னிப்பும் நஷ்டஈடும் கிடைக்க கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சு, விருதையும் அப்பதான் திருப்பிக் கொடுத்தாங்க.

நடுவுல 2003ல பஷீர் பாடகர் மைக்கேல் ஜாக்சனை வச்சு டிவி டாக்குமெண்டரி எடுத்தாரே, அதுலயும் நேர்ல குழந்தைங்களை அவர் வளக்கறதை பாராட்டிட்டு, டிவில பின்னணி குரல்ல அதுக்கு நேர்மாறா பேசினார். ஜாக்சனோட கேமரா ஆளும் கூடவே எடுத்து வச்சிருந்ததால வெளிய வந்துச்சு. 1996லயே ஒழுங்கா விசாரிச்சிருந்தா அந்த ஆளுக்கு அப்படி ஒரு வாய்ப்பு கிடைச்சிருக்குமா சொல்லு.

ஜெர்மனில மந்திரியா இருந்த குட்டென்பெர்க் கதையும் இதேதான். அவரோட டாக்டரேட் தீசிஸோட முன்னுரையே பேப்பர்ல வந்த கட்டுரையை காப்பி அடிச்சது, பைராய்ட் யூனிவர்சிட்டி அதுக்கு உச்ச கிரேடு கொடுத்துச்சு. 2011 பிப்ரவரில வெளிய வந்தப்புறம் பட்டத்தை பறிச்சாங்க, மார்ச் 1 அன்னிக்கு அவர் பதவி விலகினார். எல்லாரும் அவரை திட்டினாங்க, சரிதான், ஆனா அந்த கிரேடு போட்ட எக்ஸாமினர்ஸ் என்னத்தை படிச்சாங்க? எங்க ஃபீல்டுலயும் பிஆர்ஓ கேள்வியை முன்னாடியே வாங்கி அடிச்சு திருத்தி அனுப்பற ஸ்டார் பேட்டி, ஹீரோ சொல்லாத வரியை ரிப்போர்ட்டரே அழகா எழுதி சேத்தது, எல்லாம் எடிட்டர் கண்ணு முன்னாடிதான் நடக்குது.

அதனால நீ கையெழுத்து போடாத. கைடு வாயால சொல்றதை மெயில்ல அனுப்ப சொல்லு. கமிட்டி மீட்டிங்ல அந்த மூணாவது சாப்டர்ல ஒரே ஒரு டேபிளை எடுத்து, அந்த ஸ்காலர்கிட்ட இந்த டேட்டாவை எங்க போய், யார்கிட்ட, எப்படி எடுத்தீங்கன்னு கேளு, அவங்க சொல்ற பதிலை மினிட்ஸ்ல எழுத வை. தெரியலைன்னா தெரியலைன்னே பதிவாகட்டும். உன் ப்ரமோஷன் ஃபைல் அந்த கைடு கையிலதான் இருக்குன்னு எழுதியிருந்த, அது எனக்கும் பயமாதான் இருக்கு, அதனால நீ தனியா போகாம அந்த எக்ஸ்டர்னல் மெம்பர்கிட்ட முன்னாடியே பேசிடு. மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே எனக்கு போன் பண்ணு, எத்தனை மணியானாலும் சரி.

உன்
வசந்தி