பாங்கோங் போகவில்லை

அன்புள்ள குமரா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் செல்வம் சொன்னான். ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். போனே வரவில்லையே என்று கோபத்தில் இருப்பாய். என் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்கவில்லை. நான் தங்கியிருக்கும் வீட்டு வைஃபையில்தான் எல்லாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பாங்கோங் ஏரிக்குப் போகவில்லை. கூட வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நான் மட்டும் லேவுக்குப் பக்கத்தில் திக்சே கிராமத்தில் தங்கிவிட்டேன். கல்லூரி நாளிலிருந்து நாம் பேசிப் பேசியே தேய்த்த ஏரி! "உனக்கென்ன பைத்தியமா?" என்று செல்வம் கேட்டுவிட்டான். நீயாவது முழுசாகக் கேள்.

மணாலியிலிருந்து பைக்கில் ஏறி வந்தோமில்லையா, கேலாங் 3,080 மீட்டர், அங்கே நன்றாகத்தான் தூங்கினேன். மறுநாளே சார்ச்சு, 4,290 மீட்டர். கூடாரத்தில் கண் அசந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுந்தேன். திரும்பப் படுத்தால் திரும்ப அதே. விடிய விடிய இதே கதை. காற்று மெலிந்த இடத்தில் உடம்பு வேகவேகமாக மூச்சு வாங்குகிறது. அதில் ரத்தத்தில் கரியமில வாயு ரொம்பக் குறைந்துபோய், மூச்சு விடச் சொல்லும் மூளையே சில நொடி சும்மா இருந்துவிடுகிறது. 3,000 மீட்டர் தாண்டினால் படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்கிறார்கள் மருத்துவர்கள். நாங்கள் ஒரே மூச்சில் 1,200 ஏறியிருந்தோம்.

அப்படி விழித்துக் கிடந்தவன் மறுநாள் எதைப் பார்ப்பான்? காட்டா லூப்ஸில் 21 கொண்டை ஊசி வளைவு, ஒன்றும் மனசில் இல்லை. மோரே சமவெளியில் காட்டுக் கழுதைகள் ஓடுகின்றன என்று முன்னால் போனவன் கையைக் காட்டுகிறான். என் கண் மைல்கல்லைத் தேடுகிறது. டாங்லாங் லா கணவாய், 5,328 மீட்டர். மூச்சுக்கு மூச்சு கிடைக்கிற ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். பலகை முன்னால் படம் எடுத்தோம், வண்டியைக் கிளப்பினோம். லேவில் சாப்பிடும்போது அந்தப் படத்தைப் பார்த்து, "இது முந்தின கணவாய் பாரலாச்சாவா, டாங்லாங்கா?" என்று ஒருவன் கேட்டான். பலகையைப் படித்துத்தான் சொன்னோம் குமரா. எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

எங்கே இருக்கிறாயோ அங்கேயே மனசை வை என்று வாத்தியார் சொல்வாரே, அவரைச் சார்ச்சுவில் ஒரு ராத்திரி படுக்க வைக்க வேண்டும். தூங்காத உடம்பில் மனசு எங்கே நிற்கும்? முதலில் தூக்கம், அப்புறம்தான் தியானம்.

திக்சேயில் முதல் நாள் முழுக்கத் தூங்கினேன். அடுத்த நாள் விடியலில் புத்த மடத்து மாடியில் எக்காளம் ஊதினார்கள், ஏறிப் போனேன். ஓதிக்கொண்டிருக்கும்போதே சின்னப் பையன் பிக்கு ஒருவன் தன் இடுப்பளவு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உப்பு வெண்ணெய்த் தேநீர் ஊற்றி வந்தான். எனக்கும் ஊற்றினான். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, அதே தேநீரில் பார்லி மாவைப் பிசைந்து, பெரியவர் பார்க்காத நேரமாகப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டான். பிசைந்த விரலை ஒவ்வொன்றாக நக்கியது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

கீழே பார்லி வயல். இங்கே ஆண்டுக்கு மழை 100 மில்லிமீட்டர் அளவுதான். பனி உருகி வரும் தண்ணீரை ஊரே முறை வைத்துப் பாய்ச்சுகிறது. ஒரு பாட்டி மண்வெட்டியால் ஒரு மண்கட்டியைப் பெயர்த்து அடுத்த மடையை அடைக்கிறாள், தண்ணீர் திரும்பி இந்த வயலுக்குள் நுழைகிறது. நுரையும் சருகும் முன்னால் தள்ளிக்கொண்டு, பயிரின் அடியில் நனைந்துகொண்டே, அது கடைசி வரப்பைத் தொடும்வரை உட்கார்ந்து பார்த்தேன். மணாலியில் கிளம்பியதிலிருந்து அன்றைக்குத்தான் இந்த ஊரில் நான் இருந்தேன்.

இப்போது உன் சங்கதி. செப்டம்பரில் பிள்ளைகளோடு வரப்போகிறாய், உன் பட்டியலைச் செல்வம் அனுப்பினான். நாளுக்கு ஓர் ஊரா? குற்றாலத்துக்கே மூன்று பை கட்டுகிற ஆள் நீ! கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் நேராக 3,500 மீட்டரில் இறங்கப்போகிறாய். முதல் இரண்டு நாள் லேவில் சும்மா இருங்கள். சின்னவனுக்குத் தலைவலியோ வாந்தியோ வந்தால் மேலே ஏற்றவே ஏற்றாதே. குறையவில்லை என்றால் கீழே இறங்கிவிடு. கர்துங் லா கணவாயில் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. இதில் நான் விளையாடவில்லை.

ஹன்லே கிராமத்தையும் சோ மோரிரி ஏரியையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அந்த நாட்களைக் காலியாக விடு. திருத்திய பட்டியலை எனக்கு அனுப்பு, டிக்கெட் போடுவதற்கு முன்னால். இந்த வீட்டுக்காரம்மாவிடம் உங்களுக்கும் ஓர் அறை கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
சங்கர்