அறுபதாவது விநாடியில் வெட்டப்பட்ட பதிவுகள்: நில அதிர்வுத் தரவுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தொலைதூர நிலநடுக்கங்களின் பதிவுகளை எங்கள் மாணவர்களின் ஆய்வுக்காகத் தங்களிடம் கேட்டிருந்தோம். அக்கோரிக்கைகளும் தங்கள் மறுமொழிகளும் தங்கள் கோப்பிலேயே இருப்பதால், சென்ற வாரம் வந்த அலைப்பதிவுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜப்பானிலும் கிழக்கு இந்தோனேசியாவிலும் நிகழும் பெரிய நிலநடுக்கங்களின் பி அலை (முதலில் வந்து சேரும் அழுத்த அலை) நம் காலடியை நோக்கி ஏறி வரும் வழியில், 660, 410 கிலோமீட்டர் ஆழ எல்லைகளில் அதன் சிறு பங்கு எஸ் அலையாக (குறுக்காக அதிர்ந்து மெதுவாகச் செல்லும் அலையாக) உருமாறுகிறது என்பதும், அது பி அலைக்குப் பின் எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதைக் கொண்டே மேல்கவசத்தில், அதாவது புவியோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கில், அலைகளின் வேக அமைப்பைக் கணிக்கிறோம் என்பதும் தாங்கள் அறியாததல்ல. 410இலிருந்து வருவது சுமார் 44 விநாடியிலும், 660இலிருந்து வருவது சுமார் 68 விநாடியிலும் வந்து சேரும். தங்கள் பதிவுகளோ பி அலை வந்த அறுபதாவது விநாடியில் முடிந்துவிடுகின்றன. அதுவும் செங்குத்துக் கூறு (நிலத்தின் மேல்-கீழ் அசைவு) மட்டுமே; உருமாறிய எஸ் அலை தெளிவாகத் தெரிவது கிடைமட்டக் கூறுகளில்.

பி அலையின் வீச்சில் சில விழுக்காடே கொண்ட அலை இது. பல நிலநடுக்கங்களின் பதிவுகளை ஒன்றுகூட்டினால்தான் இரைச்சலைத் தாண்டித் தலைகாட்டும். காசிமேட்டிலிருந்து வரும் எங்கள் மாணவி, கிடைமட்டக் கூறுகளை அலை வந்த திசைக்குச் சுழற்றும் நிரலை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எழுதியிருந்தார். கோப்பைத் திறந்தவர், "எதை சார் சுழற்றுவது?" என்று கேட்டார். தங்களிடம் கேட்டதற்கு, அந்நாள்களில் தமிழ்நாட்டில் நிலநடுக்கம் ஏதும் பதிவாகவில்லை என்ற பதில் வந்தது. மகிழ்ச்சி, நாங்கள் கேட்டது ஜப்பானில் நிகழ்ந்தவற்றை.

முழுப் பதிவு வேண்டும் என்பதே கோரிக்கை: மூன்று கூறுகளும் (செங்குத்து ஒன்று, கிடைமட்டம் இரண்டு), பி அலைக்கு 2 நிமிடம் முன்பிருந்து 3 நிமிடம் பின்பு வரை.

நாம் நிற்கும் புவித்தட்டான இந்தியத் தட்டின் தடிமன் சுமார் 100 கிலோமீட்டரே என்று 2007இல் வெளியான ஆய்வும் உருமாறிய அலைகளைக் கொண்டே செய்யப்பட்டது. அதை ஏற்காதவர்களும் உண்டு. அவ்விவாதத்தில் எங்கள் மாணவர்களும் சேரக்கூடாதா? எண்ணூர்ச் சாம்பலும் துறைமுகக் கண்டெய்னர் லாரிகளும் விண்ணப்பம் இல்லாமலே எங்களை வந்தடைகின்றன. தரவுக்கு மட்டும் வடசென்னை தொலைவாகிவிடுகிறது போலும். இது மடலின் பொருளன்று, பொறுத்தருள்க.

ஆகவே, மூன்று கூறுகளையும் வெட்டாமல், கருவியின் துலங்கல் கோப்போடும் (நில அசைவைக் கருவி எப்படிப் பதிவாக்குகிறது என்ற விவரம்) கிடைமட்ட உணரிகளின் திசைக்கோணத்தோடும் சேர்த்து அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கோப்புகள் பெரியவை என்பதே தடையானால், வன்தட்டுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தண்டையார்பேட்டை