மாடிகளில் உட்கார ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் புதிதாக எழும்பும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் உயரத்தைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். எனக்கு உயரத்தோடு சண்டை இல்லை. லிஃப்ட் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். உயரமான கட்டடங்கள்தான் என் குடும்பத்துக்குச் சோறு போட்டன. இந்தச் சின்னத் தீவில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக வீட்டில்தான் இருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கும் வீடு வேண்டுமென்றால் மேலே போகத்தான் வேண்டும். என் கவலை, லிஃப்ட் கதவுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கொஞ்ச இடத்தைப் பற்றியது.

நானும் மனைவியும் தங்ளின் ஹால்ட்டில் வெகுகாலம் இருந்தோம். நீளமான பழைய புளோக். காரிடாரில் ஒரு முனையில் நின்றால் மறுமுனை வரை எல்லா வாசலும் தெரியும். யார் வீட்டில் மீன் பொரிகிறது, யார் வீட்டில் சம்பல் இடிக்கிறார்கள் என்பது நடந்துபோகும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். தீபாவளிக்கு முதல்நாள் முறுக்குத் தட்டோடு கிளம்பும் மனைவி, கடைசி வீட்டு மக்சிக்கிடம், அதாவது மலாய் அம்மாவிடம், பேசிவிட்டுத் திரும்ப ராத்திரி ஆகிவிடும். ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய முனீஸ்வரன் கோவில் 1998இல் காமன்வெல்த் டிரைவுக்கு வந்த பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடியிலிருந்து நாலைந்து பேராகச் சேர்ந்தே நடந்து போவோம். யாரும் யாரையும் போன் போட்டுக் கூப்பிட்டதில்லை. புறப்பட்டு வாசலில் நின்றால் போதும், அடுத்த வீட்டுக்காரரும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

அங்கே எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. சன்னலைத் திறந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் வீட்டுக்குள் பார்ப்பார்கள். அந்தக் காலத்துப் புளோக்குகள் பலவற்றில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். 2001இல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டத்தில் நானும் வேலை செய்திருக்கிறேன். பல இடங்களில் பழைய கட்டடத்துக்கு வெளியே லிஃப்ட் ஓடப் புதுக் கூண்டு எழுப்பி, ஒவ்வொரு மாடியிலும் கதவு வைத்தோம். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி, தன் மாடியிலேயே லிஃப்ட் வந்து நின்றதைப் பார்த்து அழுதுவிட்டார். அந்த வேலையைச் செய்ததில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

2014இல் தங்ளின் ஹால்ட், காமன்வெல்த் டிரைவ் பகுதியில் 31 புளோக்குகளுக்கு செர்ஸ் திட்டம், அதாவது பழைய புளோக்கை அரசு எடுத்துக்கொண்டு குடியிருப்போரைப் புது வீட்டுக்கு மாற்றும் திட்டம், அறிவிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தார் நிறையப் பேர் டாசனுக்குப் போனார்கள். நாங்கள் மகள் வீட்டுக்குப் பக்கமாக இருக்கலாம் என்று கிளமெண்டிக்கு வந்தோம், 31ஆம் மாடிக்கு. வீடு நல்ல வீடு. காற்று அள்ளுகிறது, லிஃப்ட் வேகமாக வருகிறது. ஆனால் மாடியில் சில வீடுகள்தான், நடுவில் லிஃப்ட், கதவுகள் எல்லாம் மூடியே இருக்கும். எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். அவர் வீடு திரும்பி, ஊன்றுகோலோடு லிஃப்டுக்குக் காத்திருந்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அவர் மனைவி அத்தனை நாளும் தனியாக அலைந்திருக்கிறார். தங்ளின் ஹால்ட்டாக இருந்தால் அன்று மாலையே அந்த அம்மாவுக்கு யாராவது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். இதை நினைக்கும்போது இன்னும் மனசு ஆறவில்லை.

கட்டடம் ஏன் இப்படி மாறியது என்பதும் எனக்குப் புரிகிறது. குறைந்த நிலத்தில் நிறைய வீடு வேண்டும், வெளிச்சம் வேண்டும், வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இதற்கெல்லாம் நீளக் காரிடார் ஒத்துவராது, ஒல்லியாக உயர்ந்த புளோக்தான் சரி. ஆனால் காரிடாரை எடுத்தபோது அதோடு சேர்ந்து போன ஒன்றை நாம் எங்கே திருப்பி வைத்தோம்? கார் நிறுத்துமிடத்தின் கூரையில் தோட்டம் இருக்கிறது, உண்மைதான். காலையில் குழந்தைகளும் உடற்பயிற்சி செய்பவர்களும் வருகிறார்கள். முட்டிவலிக்காரர் ஒருவர் 31ஆம் மாடியிலிருந்து இறங்கி, வெயிலில் நடந்து அங்கே போய் உட்காருவாரா? போனாலும் அங்கே பார்ப்பது ஊராரைத்தான், தன் மாடிக்காரரை இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வீவகவே செய்து காட்டியிருக்கிறது. டாசனில் உள்ள ஸ்கைவில் என்ற வீவக குடியிருப்பில் 960 வீடுகள். அதை வடிவமைத்த வோஹா நிறுவனத்தார் 80 வீடுகளுக்கு ஒரு பொதுத் தோட்டம் என்று பிரித்து, அந்தத் தோட்டங்களைக் கட்டடத்தின் நடு நடுவே வைத்திருக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் நண்பரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நாங்கள் வீட்டுக்குள் உட்காருவதே இல்லை. அந்தத் தோட்டத்தில்தான் பேச்சு. 80 குடும்பம் என்பது நல்ல கணக்கு. எல்லார் பெயரும் தெரியாவிட்டாலும் முகம் பழகிவிடும். 2009இல் முடிந்த இன்னொரு வீவக குடியிருப்பான பினாக்கல் அட் டக்ஸ்டன் 50 மாடி. அதன் உச்சிப் பாலத்துக்கு வெளியாள்கள் கட்டணம் கொடுத்துப் போய்ப் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது 26ஆம் மாடிப் பாலம். அது குடியிருப்பாளர்களுக்கு மட்டும், ஏழு புளோக்குகளையும் இணைக்கிறது. இவை இரண்டும் விருது வாங்கிய கட்டடங்களாகவே நின்றுவிடக் கூடாது. 42,000 வீடுகளுக்குத் திட்டமிட்டிருக்கும் தெங்கா புதுநகரிலும், இனி எழும்பும் ஒவ்வொரு பிடிஓ திட்டத்திலும் (விண்ணப்பம் வாங்கிய பிறகு வீவக கட்டித்தரும் புது வீடுகள்) இது சாதாரண ஏற்பாடாக வேண்டும்.

பெரிய தோட்டம் கட்டப் பணம் போதாதென்றால் அதைவிடச் சின்னதாகவே கேட்கிறேன். சில மாடிகளுக்கு ஒரு தடவை லிஃப்ட் லாபியைக் கொஞ்சம் அகலமாக்கி, வெளிப்பக்கம் காற்று வரத் திறந்துவிட்டு, கைப்பிடி உள்ள நாலு பெஞ்சு போடுங்கள். கைப்பிடி முக்கியம், அது இல்லாவிட்டால் வயதானவர்களுக்கு எழுந்திருக்க முடியாது. சக்கர நாற்காலி திரும்ப இடம் விடுங்கள். மேலேயிருந்து எதையும் வீசி எறியாதபடி தடுப்பை உயரமாகக் கட்டுங்கள். இந்த இடம் லிஃப்டை ஒட்டியே இருக்க வேண்டும். மூலையில் வைத்தால் யாரும் போகமாட்டார்கள்; லிஃப்டுக்குக் காத்திருப்பவர்தான் முதலில் உட்காருவார், அப்புறம் பேசுவார். மற்ற மாடிக்காரர்களும் ஓரிரு படிக்கட்டு ஏறி இறங்கியோ லிஃப்டிலோ வந்துவிடலாம்.

தீயணைப்பு விதி இதற்கு இடம் தராது என்பார்கள். காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதி அவசியமானது, அதை யாரும் தளர்த்தக் கூடாது. அதனால்தான் பிறகு ஆளாளுக்கு நாற்காலி போட்டுச் சமாளிக்காமல், வரைபடம் போடும்போதே இடம் ஒதுக்கச் சொல்கிறேன். ராத்திரியில் சத்தம் வரும் என்பது இன்னொரு பயம். கீழ்த்தளத்திலும் அந்தச் சத்தம் இருக்கிறது, நகர மன்றங்கள் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கும் இளம் தம்பதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எம்ஆர்டி ரயில் நிலையம் எத்தனை நிமிடம், சன்னல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறீர்கள், சரி. மாடி வரைபடத்தில் லிஃப்டுக்கு எதிரே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் அப்பா அம்மா அங்கே வந்து தங்கும்போது நிற்கவும் உட்காரவும் இடம் இருக்கிறதா என்று வீவகவிடம் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் அடுத்த திட்டத்தின் வரைபடத்தில் அதைச் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லிஃப்ட் பராமரிப்பு ஊழியர்,
கிளமெண்டி